ஒரு பக்கம் படிக்கும் பொறுமை



நம் சங்கத்துப் பெற்றோர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், முன்பெல்லாம் வீட்டு வாடகையைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும் பேச்சு எழும். இப்போது அவற்றிற்கு முன்னதாக எழுவது பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை. “புத்தகத்தை எடுத்தால் ஐந்து நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான்; போனைக் கொடுத்தால் பொழுது போவதே தெரியாமல் கிடக்கிறான்” என்று ஒரு தாய் சொல்லி வாய் மூடுவதற்குள், மற்றவர்கள் தத்தம் வீட்டுக் கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோ, பேச்சு தங்களைப் பற்றியது என்பதையும் அறியாமல், அதே கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் பற்றி எழுதுவதற்கு நான் கல்வியாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறியவன். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால் இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி, இன்று பயணச்சீட்டுச் சாளரத்தில் எழுத்தனாக அமர்ந்திருப்பவன். எனினும் கவனம் என்னும் பொருளைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல எனக்கும் இடமுண்டு என்று எண்ணுகிறேன். எங்கள் துறையில் அது வெறும் நற்குணமாகக் கருதப்படுவதில்லை. அதற்கென விதிகளும் பயிற்சிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று என் மகளின் படிப்புக்குப் பயன்பட்ட வகையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். மகள் ஏழாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள்.

பொம்மசந்திராவில் நம்மனோர் வாழும் வாழ்க்கையை விரித்துரைக்க வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்து, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். பிள்ளை பள்ளியிலிருந்து நான்கு மணிக்கு வருகிறது. தாய் ஆலையிலிருந்து ஏழு மணிக்கு வருகிறாள். நடுவில் உள்ள மூன்று மணி நேரத்திற்கு ஊரில் என்றால் திண்ணையில் ஆயா இருப்பாள், எதிர்வீட்டு அத்தை இருப்பாள். இங்கே தெருமுனையில் லாரி திரும்புகிறது. பிள்ளையைத் தெருவில் விடுவதைவிடத் திரையின் முன் விடுவது மேல் என்று ஒரு தாய் முடிவு செய்தால், அவளைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. மேடையில் நின்று ‘பெற்றோரே, பொறுப்போடு இருங்கள்’ என்று பேசுவோர் அந்த மூன்று மணி நேரத்திற்கு வழி சொல்வதில்லை.

கைப்பேசி பிள்ளைகளின் கைக்கு வந்த வரலாற்றையும் நாம் மறந்துவிடலாகாது. அதை நாமாக விரும்பிக் கொடுத்தோம் என்பது முழு உண்மையன்று. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன்வரை ‘பிள்ளையிடம் போன் கொடுக்காதீர்கள்’ என்று சொல்லிவந்த ஆசிரியர்களே, ‘நாளை ஒன்பது மணிக்கு வகுப்பு, போனைச் சார்ஜ் செய்து வையுங்கள்’ என்று சொல்லும் நிலை வந்தது. அப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் ஒரே கைப்பேசி. நான் பணிக்குச் சென்றால் அதுவும் என்னோடு வந்துவிடும்.

அந்நாளில் கர்நாடக அரசு ஒரு காரியம் செய்தது. 2020 ஜூன் மாதத்தில், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு நடத்தக் கூடாது என்று ஆணையிட்டது. முதலில் ஐந்தாம் வகுப்பு வரை என்றார்கள். பின்னர் ஏழாம் வகுப்பு வரை என்று பேச்சு வளர்ந்தது. சிறு பிள்ளைகளின் கண்ணுக்கும் மனத்துக்கும் ஆகாது என்பது ஒரு காரணம். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கும் என்பது மற்றொரு காரணம். இதை எதிர்த்துப் பெற்றோரும் பள்ளிகளும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2020 ஜூலை 8 அன்று தலைமை நீதிபதி அபய் ஓகா, நீதிபதி நடராஜ் ரங்கசாமி ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த ஆணைகளை நிறுத்திவைத்தது. அரசியல் சட்டத்தின் 21, 21-ஏ பிரிவுகள் தரும் உரிமைக்கு அவை முரணாகத் தோன்றுகின்றன என்பது நீதிமன்றம் கண்ட காரணம். பள்ளியும் இல்லை, இணைய வகுப்பும் இல்லை என்றால் பிள்ளை எதைக் கொண்டு படிக்கும் என்று கேட்டால் விடை சொல்வது கடினம்தான். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அதே 2020 ஜூலை 8 அன்று வேறொன்றும் நிகழ்ந்தது. இன்ஸ்டாகிராம் நிறுவனம் ‘ரீல்ஸ்’ என்னும் துண்டுப் படங்களை இந்தியாவில் அறிமுகம் செய்தது. ‘டிக்டாக்’ செயலியை இந்திய அரசு தடை செய்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. காலியான இடத்தைப் பிடிக்கப் பலரும் விரைந்தனர். செப்டம்பரில் யூடியூப் நிறுவனமும் ‘ஷார்ட்ஸ்’ என்பதை இந்தியாவிலேயே முதலில் வெளியிட்டது. நீதிமன்றம் திறந்துவிட்டது வகுப்பறையின் கதவை. அதே கருவியில், அதே நாளில், வேடிக்கையின் கதவும் திறந்தது. யாரும் சேர்ந்து திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே சாளரத்தின் வழியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஆகஸ்டு மாதத்தில் ‘வித்யாகம’ என்னும் திட்டத்தைக் கர்நாடக அரசு தொடங்கி, ஆசிரியர்களைப் பிள்ளைகள் வாழும் இடத்திற்கே அனுப்பியது. மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் நடந்தது. நோய் பரவுகிறது என்று அக்டோபரில் அதையும் நிறுத்தினர். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 அக்டோபர் 25 அன்று. ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் என் மகள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கக் கற்றாள். பள்ளி திறந்த பிறகும் கைப்பேசி பள்ளியின் கருவியாகவே இருந்துவருகிறது. வீட்டுப்பாடம், கட்டண நினைவூட்டல், விடுமுறை அறிவிப்பு எல்லாம் இன்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. ‘தூக்கி எறி’ என்று சொல்வது எளிது. எறிந்தால் நாளை பள்ளி உண்டா இல்லையா என்பதே தெரியாது.

இந்திய ஊரகப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ‘ஏசர்’ என்னும் ஆய்வறிக்கை வெளிவந்துகொண்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில், முந்திய ஒரு வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 பேர். இது ஊர்ப்புறத்துக் கணக்கு. நம் பிள்ளைகள் அந்த ஊர்ப்புறத்திலிருந்து ஓசூர்ச் சாலைக்கு வந்தவர்கள்தாமே.

முன்னோரும் இப்படித்தான் சினிமாவைக் குறைகூறினர், வானொலியைக் குறைகூறினர், பிறகு தொலைக்காட்சியைக் குறைகூறினர், பிள்ளைகள் கெட்டா போனார்கள் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. என் பாட்டனார் டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்குத் திருட்டுத்தனமாகப் போய் அடி வாங்கிய கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கொட்டகையில் ‘சுபம்’ என்று எழுத்து வந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். மணல் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வர வேண்டியதுதான். மேலும், மூன்று மணி நேரம் ஒரே கதையை அவர் பார்த்தார். பார்த்ததை மறுநாள் முழுதாகச் சொல்லவும் செய்தார். இன்றைய துண்டுப் படத்துக்குச் ‘சுபம்’ கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். இவ்வாறு முடிவில்லாமல் உருளும் பக்க அமைப்பை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். எழுந்திருக்கும் இடத்தை எடுத்துவிட்டுப் பிறகு பிள்ளையை ‘எழுந்திரு’ என்றால் அது எப்படி எழும்?

பிள்ளை இழப்பது நேரம் என்றே நாம் பொதுவாகக் கணக்கிடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. என் மகளின் கணக்குப் பாடத்தில் ஒரு வினா. ஒரு வண்டி ஓர் ஊரிலிருந்து இத்தனை மணிக்குப் புறப்பட்டு, இன்ன வேகத்தில் சென்று, நடுவில் இவ்வளவு நேரம் நின்று, மறு ஊரை அடைகிறது. அடையும் நேரம் என்ன? இரயில்வே ஊழியன் மகளுக்கு இரயில் கணக்கு வரவில்லை என்றால் ஊர் சிரிக்கும் அன்றோ? உடன் அமர்ந்து பார்த்தேன். அவளுக்குப் பெருக்கத் தெரிகிறது, வகுக்கத் தெரிகிறது. மூன்றாம் வரிக்கு வரும்போது முதல் வரியில் இருந்த புறப்பட்ட நேரம் அவள் மனத்தில் இல்லை. மீண்டும் மேலே போகிறாள், கீழே வருகிறாள், நடுவில் தலை நிமிர்கிறாள். வேகத்தையும் நேரத்தையும் நின்ற பொழுதையும் ஒருங்கே ஏந்திக்கொண்டு கடைசி வரி வரை நடக்க வேண்டும். கை நிறைய பாத்திரத்தோடு படி ஏறுவது போன்ற வேலை அது. முப்பது நொடிப் படம் எதையும் ஏந்திக்கொள்ளச் சொல்வதில்லை. ஒன்று போனால் அடுத்தது வந்துவிடும்.

எழுத்தன் ஆதலால் எதையும் குறித்துவைத்துப் பார்ப்பது என் வழக்கம். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், அவள் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் எத்தனை முறை தலை நிமிர்கிறாள் என்று கோடு போட்டு வந்தேன். கைப்பேசி மேசைமேல், ஒலியை அடக்கிக் குப்புற வைக்கப்பட்டிருந்த நாட்களில் ஏழு, எட்டு. அதை அவள் தாயின் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டிய நாட்களில் மூன்று, நான்கு. ஒரு முறையும் அது ஒலிக்கவில்லை. ஆனாலும் இருந்த இடத்திலிருந்தே பெண்ணை இழுத்தது. “என்னப்பா கோடு போடுகிறீர்கள்?” என்று அவள் கேட்டாள். சொன்னேன். சிரித்துக்கொண்டே தாளை வாங்கித் தன் தம்பிக்குக் கோடு போடத் தொடங்கினாள். அவனுக்குத் தாள் போதவில்லை.

இதை நான் ஆராய்ச்சி என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2017-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆட்ரியன் வார்டு முதலியோர் இதைப் போன்ற சோதனையை ஏறத்தாழ எண்ணூறு பேரைக் கொண்டு நடத்தியிருக்கிறார்கள். கைப்பேசியை மேசைமேல் வைத்தவர், பையில் வைத்தவர், வேறு அறையில் வைத்தவர் என்று பிரித்து மனக்கணக்கு முதலியவற்றைக் கொடுத்தனர். வேறு அறையில் வைத்தவர்களே நன்றாகச் செய்தனர். பின்னர்ப் பிறர் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இத்தனை தெளிவான வேறுபாடு தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தாளுக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிய சான்று இன்னும் உறுதியானது. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய முடிவுகளை 2018-இல் டெல்காடோ முதலியோர் வெளியிட்டனர். பாடப் பகுதிகளைத் தாளில் படித்தவர்களே நன்கு விளங்கிக்கொண்டனர். நேரம் குறித்துப் படிக்கச் சொன்னால் வேறுபாடு மிகுந்தது. கதை படிப்பதில் அத்தகைய வேறுபாடு இல்லை. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வேறுபாடு குறையவில்லை, கூடியிருக்கிறது.

இனி, எங்கள் துறையைப் பற்றிச் சொல்கிறேன். 2008 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்சுக்கு அருகே சாட்ஸ்வொர்த் என்னும் இடத்தில் ஒரு பயணிகள் வண்டி, சிவப்பு விளக்கைக் கடந்து சென்று, எதிரே வந்த சரக்கு வண்டியோடு மோதியது. 25 பேர் இறந்தனர். ஓட்டுநர் பணியில் இருந்தபடியே கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அவர் தொழில் அறியாதவர் அல்லர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கண்ணும் திறந்துதான் இருந்தது. கண் திறந்திருப்பது போதும் என்று இரயில்வே எந்த நாட்டிலும் நம்புவதில்லை.

நம் நாட்டு வண்டிகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கைகாட்டி விளக்கு கண்ணில் பட்டதும், ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். கையையும் உயர்த்திக் காட்ட வேண்டும். ஒருவர் ‘இரட்டை மஞ்சள்’ என்றால் மற்றவரும் பார்த்து ‘இரட்டை மஞ்சள்’ என்கிறார். வண்டி ஓடும்போது கைப்பேசியை அணைத்துவைக்க வேண்டும் என்பது விதி. சில லெவல் கிராசிங்குகளில், கேட்டை மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் வாயால் சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்பதில்லை. அதற்கென உள்ள ‘பிரைவேட் நம்பர்’ ஒன்றைக் கேட் கீப்பர் சொல்ல வேண்டும். இவர் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு பணி செய்தவருக்கும் இதுதான். ஜப்பானில் இந்த வழக்கம் இன்னும் கடுமை. ஊழியர்கள் ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி வாயால் சொல்கிறார்கள். அந்நாட்டு இரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1990-களில் செய்த ஒரு சோதனையில், சும்மா செய்தால் நூறு செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது.

இதை நெடுங்காலம் தொழில் முறையாகவே அறிந்திருந்தேன். மகளின் இரயில் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் இரண்டையும் சேர்த்து எண்ணினேன். “வாய்விட்டுப் படி. விரலை வரியின் அடியில் வை. புறப்பட்ட நேரம் வந்ததும் நிறுத்தி அதைச் சொல், ஓரத்தில் எழுது. பிறகு மேலே போ” என்றேன். முதலில் வெட்கப்பட்டாள். சிறு பிள்ளை போல விரல் வைத்துப் படிப்பதா என்றாள். பெரிய பெரிய வண்டி ஓட்டுகிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னதும் அரை மனத்தோடு இசைந்தாள். அன்று ஒரு கணக்கு வந்தது. மறுநாள் வரவில்லை. அந்த மாத முடிவில் நான்கில் மூன்று வரத் தொடங்கின. புதிதாக ஒன்றும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்த கணக்கைக் கடைசி வரி வரை தூக்கிச் செல்ல ஒரு பிடி கிடைத்தது, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால், இது நம் திண்ணைப் பள்ளியின் முறையே. மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் சொல்லி, சொல்வதைக் காதால் கேட்டார்கள். கண்ணும் கையும் வாயும் செவியும் ஒரே எழுத்தில் நின்றன. மனம் வேறு எங்கே ஓடும்? அதைக் கிளிப்பிள்ளைப் படிப்பு என்று நாம் இகழ்ந்துவிட்டோம். பொருள் அறியாமல் ஒப்பிப்பதை நானும் விரும்புகிறவன் அல்லன். ஆயினும் அதனோடு சேர்த்து உரக்கப் படிக்கும் வழக்கத்தையும் எறிந்தது தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரே அறை வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தால் மற்றவருக்கு இடைஞ்சல் என்பார்கள். எங்கள் வீட்டில் தம்பியும் கேட்கிறான். சில வேளை அக்காளுக்கு முன்பே விடையைச் சொல்லி அடி வாங்குகிறான்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் இத்தனை முக்கியம் என்று கேட்கலாம். ஊரில் காணி இல்லை, இங்கே கடை இல்லை; நம்மவர் ஏறிச் செல்லத் தேர்வு என்னும் ஏணி ஒன்றுதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுத வேண்டும். எங்கள் இரயில்வே வேலைக்கான முதற்கட்டத் தேர்வு இப்போது கணினித் திரையில் நடக்கிறது. 90 நிமிடத்தில் 100 வினா. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பறிபோகும். திரையே கெடுதல் என்றால் அந்தத் தேர்வையும் கெடுதல் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் திரையில் வேறு எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வினா நின்றபடி காத்திருக்கிறது. கெடுதல் தாவலில் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஓர் இளைஞன். யூடியூபைப் பார்த்தே இருசக்கர வண்டி என்ஜினைப் பிரித்துச் சேர்க்கக் கற்றவன். நல்ல கைத்திறன், அக்கம்பக்கத்து வண்டிகளெல்லாம் அவனிடம்தான் வரும். கைப்பேசியால் கல்வியே வராது என்பாரிடம் அவனைக் காட்டுவேன். இரயில்வே தேர்வுக்கும் அவன் படிக்கிறான். வினாவைத் தனித்தனியே கேட்டால் பெரும்பாலும் விடை சொல்கிறான். “அண்ணா, அரை மணி நேரம் ஆனதும் தலைக்குள் ஏதோ கலைந்துவிடுகிறது, எழுத்து தெரிகிறது, அர்த்தம் ஏறவில்லை” என்று அவனே சொன்னான். மாலையில் கடிகாரம் வைத்து, பழைய வினாத்தாளைத் தாளிலேயே எழுதிப் பழகினான். முதலில் முப்பது நிமிடம், பிறகு நாற்பது என்று கூட்டிக்கொண்டு போனான். எழுபது வரை வந்துவிட்டான். சென்ற தேர்வில் தேறவில்லை. அடுத்த அறிவிப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கைப்பேசியை வேரோடு வெறுப்பவன் அல்லன் நான் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் கற்கிறார்கள். கன்னடத்தை நன்றாகக் கற்கட்டும். இருக்கும் ஊரின் மொழி அது. தமிழ் மட்டும் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. என் மகன் தன் ஆயாவோடு வீடியோ அழைப்பில் பேசித்தான் ‘மழை’, ‘வாழை’ என்ற சொற்களைத் திருத்தமாகச் சொல்லக் கற்றான். இங்கிருந்து நான் நூறு முறை சொல்லியும் வராத ழகரம், பொக்கை வாயோடு அவள் சொன்னதும் வந்தது. தமிழ்நாட்டு அரசு 2001-இல் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் பாடங்களையும் பழைய நூல்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் இலக்கியங்களைத் தட்டெழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தொடாமல் விட்டால் பொம்மசந்திராவில் தமிழ்ப் பிள்ளைக்கு வேறு நூலகம் ஏது?

ஆகவே எங்கள் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு சிறியது. வாசற்கதவின் மேலே ஒரு பலகை அடித்தேன். மாலை ஏழு முதல் எட்டரை வரை வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் அங்கே இருக்கும். என்னுடையதும் அவள் தாயுடையதும் சேர்த்தே. வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தை ஏழு மணிக்கு முன்பே தாளில் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயாவோடு பேசுவதும் தமிழ்ப் பாடம் பார்ப்பதும் அதற்குப் பின். முதல் வாரம் ஒரே அமளி. மகன் பலகைக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் அவனாகவே எழுந்துபோய் அக்காளின் புத்தகத்தில் படம் பார்த்தான். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். விடுமுறை நாட்களில் இந்த ஏற்பாடு இன்றும் நிற்பதில்லை.

ஆஸ்திரேலிய நாட்டில் 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயது நிரம்பாதவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அது எவ்வளவு பயன் தரும் என்று பார்க்கலாம். நம் ஷிப்டு வீடுகளின் நான்கு மணி முதல் ஏழு மணி வரையிலான பொழுதுக்கு எந்த நாட்டுச் சட்டமும் உடன் வந்து அமரப் போவதில்லை என்பதால், நாமே ஏதேனும் செய்தாக வேண்டியிருக்கிறது.

பலகையும் கடிகாரமும் போதாத வீடுகளும் உண்டு. கைப்பேசியைக் கேட்டால் பிள்ளை உணவை மறுக்கிறது, உறக்கத்தை இழக்கிறது, கை ஓங்குகிறது என்ற நிலை வந்துவிட்டால் அடிப்பதிலும் திட்டுவதிலும் பயனில்லை. நம் ஓசூர்ச் சாலையின் மறுமுனையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் இதற்கெனவே 2014-இல் ‘ஷட்’ என்னும் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. மனநல மருத்துவமனை என்ற பெயரைக் கேட்டு நம்மவர் அஞ்சுகிறார்கள். கண் வலித்தால் கண் மருத்துவரிடம் போவதில் என்ன வெட்கமோ, அவ்வளவு வெட்கம்தான் இதிலும்.

சங்கத்து அறையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பிறகு, ஒரு மணி நேரம் உரக்கப் படிக்கும் வழக்கத்தை இரண்டு மாதங்களாக நடத்திவருகிறோம். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பிள்ளை ஒரு பக்கம் விரல் வைத்துப் படிக்க வேண்டும். அடுத்த பிள்ளை கேட்டதைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். பிறகு புத்தகம் கை மாறும். கேட்டவர் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கம் மீண்டும் படிக்கப்படும். வாரநாட்களில் நான்கு மணி முதல் ஏழு மணி வரையும் அறையைத் திறந்துவைக்கலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். இரண்டாம் ஷிப்டுக்குச் செல்லாத தாய்மார் இருவர் முறைவைத்து உட்கார இசைந்திருக்கிறார்கள். இன்னும் மூவர் முன்வந்தால் வாரம் முழுதும் நடத்தலாம்.

இப்போதைய குறை புத்தகந்தான். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கத்தக்க தமிழ்க் கதைப் புத்தகங்கள் எங்களிடம் நான்கே உள்ளன. நான்கையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டபடியால், விரல் ஒரு வரியில் இருக்க வாய் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பொங்கலுக்கோ ஆடிக்கோ ஊருக்குச் செல்லும் அன்பர்கள், உறவினர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். அட்டை கிழிந்திருந்தாலும் ஒட்டிக்கொள்கிறோம். ஞாயிறு காலை பத்து மணி முதல் நான் அறையில் இருப்பேன். அன்று எனக்குப் பணி விழுந்தால் சாவி மாடி வீட்டில் இருக்கும்.